வீட்டிற்கேற்ற கல்

மனை கட்டுவோர் பலர் கல்லின் பளபளப்பையே நோக்குகின்றனர், இயல்பை நோக்குவாரிலர். சலவைக்கல் சுண்ணாம்பின் இனம். புளிக்கரைசலோ எலுமிச்சைச்சாறோ சிந்தின், அஃது அரிக்கப்பட்டு ஒளி மழுங்கும். கடப்பாக்கல்லும் அவ்வினத்ததே. புளியின்றி நம் அடுக்களை ஏது? ஆதலின் ஆங்குக் கருங்கல்லே தக்கது. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயில் அக்கல்லால் ஆயதே.

ஆயினும், அதனையே கண்ணாடிபோல் மெருகிட்டுக் குளியலறையில் பரப்புதல் பெரும்பிழை என்பேன். நீர் படிந்த மெருகில் கால் பற்றுவதில்லை. என் தமையனார் அவ்வாறே வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறியப்பெற்றார். பின்னர் அவர் எழுந்து நடந்திலர். பாட்டனார் காலத்துக் கிணற்றடியில் உளிகொத்திய சொரசொரப்பான கற்கள் இருந்தன. அவற்றின்மேல் நின்று நீராடிய முதியோர் எவரும் வீழ்ந்ததாக யான் கேட்டதில்லை. அழகில்லை என்று அவற்றைப் பெயர்த்தெறியச் சொன்னவன் யானே.