கூண்டுக்கு ஒரு தாழ்ப்பாள்

பொழுது விடிவதற்கு முன்னே டெலிபோன் மணி அடித்தால் யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது? எடுத்தால் என் நாத்தனார். "அண்ணி, எல்லாம் போச்சு!" என்றாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நான் பதற, "பத்துக் கோழியிலே ஒண்ணுதான் மிச்சம் அண்ணி" என்று விம்மினாள்.

கோழிக்கா இத்தனை அழுகை என்று சிரித்துவிடாதீர்கள், சகோதரிகளே. அவள் இருப்பது கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமம். கணவன், மனைவி இருவருக்கும் தொழிற்பேட்டையில் வேலை. சம்பளம் வந்த கையோடு வீட்டுக் கடனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். முட்டை விற்ற காசு மட்டும் அவளுடைய சிறுவாடு. அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. மகளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்க அதில்தான் சேர்த்து வந்தாள். இப்போது தோடு எங்கே, கோழி எங்கே?

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கூண்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. பச்சைப் பெயிண்ட், மேலே நீலத் தகடு, கோபுரம் போல முகப்பு! நாலாயிரம் ரூபாய் செலவழித்தார்களாம். பார்வைக்கு லட்சணம்தான். ஆனால் கூண்டு வெறும் மண் தரையில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கடையில் "கோழிவலை" என்று விற்கிறார்களே, ஆறு மூலைக் கண் வலை, அதைச் சின்ன ஆணியால் அடித்திருந்தார்கள். அந்த வலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான் உதவும். உள்ளே வருகிறவனை அது தடுக்காது. நாய் பல்லால் இழுத்தாலே கிழிந்துவிடும்.

வந்த திருடன் யாரென்று துப்புத் துலக்கியவர் சம்பந்தி அம்மாள். அவருக்குக் கண் பார்வை சரியில்லை. ஆனால் அனுபவம் எழுபது வருஷம். "கழுத்தைக் கடிச்சுப் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணைத்தானே தின்னிருக்கு? ராத்திரியிலே வந்திருக்கு. கீரி பகல்லே அலையறது. இது மரநாய்தான்" என்றார்.

கூண்டு கட்டுமுன் இந்த விசாரணை அவசியம். கோழி அடியோடு காணாமல் போய் இறகு மட்டும் வழியெல்லாம் கிடந்தால், நாய், நரி, காட்டுப்பூனை என்று சந்தேகிக்கலாம். ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் பெரும்பாலும் பாம்பின் வேலை. பட்டப்பகலில் குஞ்சு குறைந்தால் காகம், பருந்து, அல்லது கீரி. பெருச்சாளியை மறந்துவிடக் கூடாது. அது மண்ணைத் தோண்டி அடியிலிருந்து வரும். மரநாயோ முருங்கைக் கிளையிலிருந்து கூரைக்குத் தாவிவிடும். இவள் வீட்டுக் கூண்டு முருங்கை மரத்தடியில்தான் இருந்தது. நிழலுக்காக வைத்தாளாம்!

"மருந்து வைத்துக் கொன்றுவிடலாமே" என்றார் என் நாத்தனார் கணவர். நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். கீரி, மரநாய், நல்ல பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பாற்றப்பட்டவை. அதோடு, வைத்த விஷத்தை யார் வீட்டு நாய் தின்னும், எந்தக் குழந்தை தொடும் என்று யார் கண்டது? கூண்டுக்குள் பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

சரி, கையில் பணம் இல்லை. புதுக் கூண்டு எப்படி? சிறியதாகக் கட்டுவதுதான் முதல் சிக்கனம். பகலில் கோழி தோட்டத்தில் மேயப் போகிறது. ராத்திரி தூங்க மட்டுமே வீடு. தூங்குகிற நாட்டுக்கோழிக்கு ஒரு சதுர அடி போதும். பத்துக் கோழிக்கு நாலு அடி நீளம், மூன்று அடி அகலம் தாராளம்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. இயந்திரங்கள் வந்து இறங்கும் மரப் பாலெட்டுகள் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் மரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். "எச்.டி." என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்திய மரம், எடுத்துக்கொள்ளலாம். "எம்.பி." என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் விஷப் புகை போட்டது, தொடவே வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம். மருந்து டிரம்மை வெட்டிக் கூண்டாக்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கால்களுக்குச் சவுக்குக் கம்பு. அந்தப் பக்கத்துக் கடலோர மணலில் விளைவதுதானே! தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவர்கள் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நின்றதைச் சம்பந்தி அம்மாள் ஞாபகப்படுத்தியதால்தான் இந்த உயரம். ஒவ்வொரு காலிலும் பழைய தகட்டைக் குழாய்போல ஓரடி உயரத்துக்குச் சுற்றிவிட்டோம். எலிக்கு நகம் பிடிக்காது, வழுக்கிவிடும்.

தளமும் சுவரும் பாலெட் பலகை. இடுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அந்த இடத்தில் இன்னொரு பட்டை அடியுங்கள். கூரைக்குக் கீழே சுற்றிலும் ஓரடி மட்டும் காற்றுக்காகத் திறப்பு. அங்கேதான் விலை கூடின அரை அங்குலக் கண் வெல்டுமெஷ். பதினாலு சதுர அடி வாங்கினோம், அவ்வளவுதான்! மெஷ்ஷின் விளிம்பை இரண்டு மரப்பட்டைகளுக்கு நடுவே வைத்துத் திருகாணி போட்டு முறுக்கினார் நாத்தனார் கணவர். ஆணி பிடுங்கிக்கொள்ளும். திருகாணி விடாது.

உள்ளே இரண்டு குறுக்குக் கம்புகள். சுவரிலிருந்து அரை அடி தள்ளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து கண்ணியில் நகத்தை விட்டுத் தூங்குகிற கோழியைக் கீறிவிடும். தளத்தில் இரண்டு அங்குலம் உமி. செங்குன்றத்து அரிசி மில்லுக்குப் போகிற ஒருவர் இரண்டு மூட்டை கொண்டுவந்து கொடுத்தார். மேலே பழைய கூண்டின் அதே நீலத் தகடு. ஆனால் சித்திரை வெயிலில் தகடு தோசைக்கல்லாகிவிடுமே! அதனால் அதன்மேல் பனையோலை போட்டுக் கட்டினோம். ஏறுவதற்கு ஒரு சின்னப் பலகை. ராத்திரி அதை எடுத்துவிட வேண்டும். திருடனுக்கு ஏணி சாத்தி வைப்பார்களா?

பழைய கோழிவலையும் வீணாகவில்லை. பகலில் குஞ்சுகள் மேய அதை வைத்து வேலி கட்டினோம். மேலே பருந்துக்கு மறைப்பாகப் பழவேற்காட்டு மீனவர்கள் கழித்த பழைய வலை. அதை மேலே மட்டும் கட்டுங்கள். தரைவரை தொங்கவிட்டால் பாம்பு சிக்கிக்கொண்டு தவிக்கும். கூண்டை முருங்கை மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி வைத்தோம். கம்பு, பலகை, மெஷ், கீல், திருகாணி எல்லாமாக 2,750 ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்குக் கூலி இல்லை. சாப்பாடு என் பொறுப்பு.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. அதை மெஷ்ஷால் அடைக்க முடியாது. கோழி ஆறு மணிக்கே அடைந்துவிடும். என் நாத்தனாரின் கம்பெனி பஸ் ஊருக்குள் வருவதோ ஏழரைக்கு. அவர் ராத்திரி ஷிப்டு என்றால் அதற்குள் கிளம்பியிருப்பார். அந்த ஒன்றரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். அந்த ராத்திரியும் அவள் அலுப்பில் வந்து, இருட்டில் கொக்கியை அரைகுறையாக மாட்டிவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் மறுபடி அழுதாள். "என் தப்புதான் அண்ணி."

"நான் மூடறேன்" என்றார் சம்பந்தி அம்மாள்.

"உங்களுக்குத்தான் சாயந்தரமானால் கண் தெரியாதே, அத்தை!"

"கை இருக்கே?"

அதற்கேற்ற தாழ்ப்பாள் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் அகப்பட்டது ஒரு கனத்த நாதாங்கி. சரியாக விழுந்தால் "டக்" என்று சத்தம் கேட்கும். அதன்மேல் ஒரு கொக்கியும் உண்டு. இப்போது விளக்கு வைத்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், கையை உள்ளே விட்டு ஒவ்வொரு கோழியாகத் தொட்டு எண்ணி, கதவைச் சாத்துகிறார். "டக்" கேட்டால்தான் திரும்புவார்.

புதுக் குஞ்சுகள் வாங்குமுன் ஒன்றே ஒன்று சொன்னேன். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் விடாதே, எத்தனை பலமான கூண்டும் அதைத் தடுக்காது என்று. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எப்போது போடுவார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. மழை பெய்த ஒரு காலையில் கால் தகட்டின் மேல் சேற்று நகக் கீறல்கள் இருந்தனவாம். ஓரடிக்குமேல் ஒன்றும் இல்லை. உள்ளே எண்ணிக்கை சரியாக இருந்தது.

போன வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுவந்தாள். உறவுக்காரியாயிற்றே, வேண்டாம் என்பாள் என்று நினைத்துக்கொண்டே பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.