சைக்கிள் சாகசத்தில் மணிக்கட்டு வலி: வெறும் சுளுக்குதானா? எப்போது எக்ஸ்ரே அவசியம்?

முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவது, வேகத்தடையில் ஏறிப் பறப்பது, படிக்கட்டில் குதித்து இறங்குவது... மாலையானால் இப்படி சைக்கிளோடு மல்லுக்கட்டும் பசங்க இல்லாத ஊரே கிடையாது. திருச்சி அரியமங்கலமும் விதிவிலக்கல்ல. விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். ராத்திரி மணிக்கட்டு வீங்கும். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாயிடும்" என்பார்கள் வீட்டில். பல நேரம் சரியாகிவிடும். சரியாகாத அந்தச் சில நேரங்களில்தான் சிக்கலே இருக்கிறது.

பிஎம்எக்ஸ் என்பது என்ன?

1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மோட்டோகிராஸ் பைக் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் குட்டி சைக்கிள்களை மண் தடங்களில் ஓட்டிப் பார்த்ததில் பிறந்த விளையாட்டு இது. 'பைசைக்கிள் மோட்டோகிராஸ்' என்பதன் சுருக்கமே பிஎம்எக்ஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் சேர்க்கப்பட்டது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சாகசப் பிரிவான ஃப்ரீஸ்டைலும் சேர்ந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலில் அர்ஜென்டினாவின் ஹோசே டோரஸ் கில்லும், சீனாவின் டெங் யாவெனும் தங்கம் வென்றார்கள்.

அந்த வீரர்கள் குதிப்பது அளவெடுத்துக் கட்டிய சாய்தளங்களில். புது வித்தை என்றால் முதலில் நுரைப்பஞ்சுக் குழியில் விழுந்து பழகுவார்கள். ரீல்ஸில் அந்த வித்தையைப் பார்க்கும் நம்ம ஊர்ப் பையன் விழுவதோ தார் ரோட்டில்.

மணிக்கட்டு மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது?

பிஎம்எக்ஸ் சைக்கிளுக்கு 20 அங்குலச் சக்கரம். சஸ்பென்ஷன் கிடையாது. குதித்து இறங்கும்போது வரும் அதிர்ச்சியை முழங்காலும் முழங்கையும்தான் தாங்க வேண்டும். முழங்கையை விறைப்பாக நீட்டி வைத்திருந்தால், அந்த அதிர்ச்சி மொத்தமும் மணிக்கட்டில் போய் நிற்கும்.

மணிக்கட்டு ஒரே எலும்பு அல்ல. எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டு, தசைநாண்களாலும் தசைநார்களாலும் கட்டப்பட்ட அமைப்பு. விரல்களுக்கான நரம்புகளும் இதன் வழியாகத்தான் போகின்றன. கை பின்பக்கமாக மடங்கியபடி உடல் எடையைத் தொடர்ந்து தாங்கினால் இவை நசுங்கும்.

பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் குதித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது பள்ளிக்குப் போய்வரத் தயாரிக்கப்பட்ட வண்டி, குதிப்பதற்கு அல்ல. எடையும் அதிகம். விழும்போது உடம்போடு அந்த எடையும் சேர்ந்துகொள்ளும்.

வலி இரண்டு வகை

இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிப் பிரச்சனை முடிந்தது.

முதல் வகை, மெல்ல மெல்ல வருவது. விழவே இல்லை, ஆனால் ஓட்டி முடித்ததும் வலிக்கிறது. கட்டை விரல் பக்கம் வலித்தால், பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் இறுக்கிப் பிடித்ததில் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளிப்பக்கம் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது என்று அர்த்தம். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இது வரும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அழுந்துவது மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு.

இரண்டாம் வகை, விழுந்த வலி. விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். அப்படி ஊன்றும்போது அடிக்கடி உடைவது, கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற முந்திரிப்பருப்பு வடிவச் சின்ன எலும்பு.

இந்த எலும்பு ஏமாற்றும். உடைந்தாலும் கை கோணாது, வீக்கமும் பெரிதாக இருக்காது, விரல்களை ஆட்டவும் முடியும். அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் முதலில் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஸ்கேன்.

இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் குறையும், எலும்பு ஒட்டாமலே போகலாம். விட்டுவிட்டால் சில வருடங்களில் மூட்டு தேய்ந்து நிரந்தர வலியில் முடியும். 15 வயதில் 'சுளுக்கு' என்று விட்டது, வேலைக்குப் போகும் வயதில் கனமான பொருளைத் தூக்க முடியாமல் செய்யும். வெல்டிங், ஃபிட்டர் என்று கையை நம்பி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த பகுதியில் இது சின்ன விஷயம் அல்ல.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்கை எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் அடிபட்டால், எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

விழுந்தவுடன் என்ன செய்யலாம்? என்ன கூடாது?

* ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம். ஒரு நாளில் சில முறை செய்யலாம்.
* கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல் நீலமாகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும்.
* நீவி விடுவது, 'சுளுக்கு எடுப்பது', சூடான ஒத்தடம் மூன்றுமே முதல் இரண்டு நாட்களுக்கு வேண்டாம். எலும்பு உடைந்திருந்தால் நீவுவதில் அது விலகிவிடும்.
* எக்ஸ்ரே பார்க்காமல் நாட்டுக்கட்டு போடக் கூடாது.
* வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி சைக்கிள் எடுக்கக் கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை ஒட்டாது.

கட்டை விரலை நன்றாக விரித்தால், அதன் அடியில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறதா? கை கோணியிருக்கிறதா? விரல் மரத்திருக்கிறதா? இரண்டு மூன்று நாட்களாகியும் வீக்கம் வடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கை கோணியிருந்தாலோ மரத்திருந்தாலோ அன்றைக்கே. அரியமங்கலம் மக்களுக்குப் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. "கை ஊன்றி விழுந்தான்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வராமல் தடுக்க முடியுமா?

முதலில் சைக்கிளைச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு ஸ்பேனர் போதும். பிரேக் லீவர் படுக்கை வாட்டில் இருந்தால் கை பின்பக்கம் மடங்கும். லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி வைக்க வேண்டும். ஹேண்டில்பார் மிகத் தாழ்ந்திருந்தால் எடை முழுதும் கைக்குப் போகும். தேய்ந்த கிரிப்பை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஓட்டும் முறை. குதித்து இறங்கும்போது முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்கட்டும். பிடி இறுக்கமாக வேண்டாம். விழப்போகிறோம் என்று தெரிந்தால், கையை விறைப்பாக நீட்டாமல் தோளை மடக்கி உருள்வதுதான் பாதுகாப்பு. இதை மணலிலோ புல்தரையிலோ பழகலாம்.

கைக்கும் பலம் வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மேலும் கீழும் மெதுவாக 10, 15 முறை அசைப்பது, ஈரத் துண்டைப் பிழிவது, ஓட்டும் முன் கையைச் சுழற்றிச் சூடேற்றுவது போதும். ஆனால் வலி இருக்கும்போது இந்தப் பயிற்சி கூடாது. இரண்டு கையும் ஒரே பலத்தில் பிடிக்கிறதா, தரையில் கை ஊன்றி வலியில்லாமல் தண்டால் எடுக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே மறுபடி குதிக்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது?

இது பசங்க மட்டும் பதில் சொல்லும் கேள்வி அல்ல. அரியமங்கலத்தை ஒட்டிப் போவது திருச்சி - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல ஆண்டுகள் போராடிய பாதை அது. பஸ்ஸும் லாரியும் பறக்கும் அந்த ரோட்டில் வித்தை காட்டினால், போவது மணிக்கட்டு மட்டுமாக இருக்காது. பகுதிக்கு ஒரு மண் மைதானம், அதில் ஒரு ஓரம் சைக்கிளுக்கு என்று ஒதுக்கினாலே பாதி விபத்து குறையும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விழுந்து வந்த பிள்ளையைத் திட்டாமல் "எங்கே வலிக்குது?" என்று கேட்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைக்கப்படும் வலிதான் கடைசியில் ஒட்டாத எலும்பாகிறது.