வண்டி மனிதனுக்கா? மனிதன் வண்டிக்கா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஆங்கிலம் அறியாதவரும் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதுதான் 'அட்ஜஸ்ட்'. பேருந்தில் மூவர் இருக்கையில் நால்வர் அமர்ந்தால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." செருப்பு கடித்தால், "நாலு நாள் போனால் சரியாகிவிடும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." ஆனால் கருவிகளின் உலகில் இச்சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே கருவியைத்தான் அட்ஜஸ்ட் செய்வார்கள், மனிதனை அல்ல. நாமோ கருவியை அப்படியே விட்டுவிட்டு மனிதனை வளைத்துக்கொண்டிருக்கிறோம். இது தவறு என்பதே என் கருத்து. அதை விளக்க நான் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய பொருள்: கரடுமுரடான பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பார்.

'கல்லூரி மலரில் பட்டறைப் பேச்சா?' என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை மண்வெட்டி பிடிப்பவர். விடுமுறை நாட்களில் நான் இருப்பது மலையடிவாரத்தில் உள்ள என் தாய்மாமனின் மெக்கானிக் பட்டறையில். வகுப்பில் படித்த நெம்புகோலும் திருப்புவிசையும் எனக்கு உண்மையில் விளங்கியது அங்கேதான் என்றால் அது மிகையாகாது.

2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகள் இன்று மலைப்பாதைகளில் ஓடுகின்றன. இவ்வகை வண்டியைத் தார்ச்சாலையில் உட்கார்ந்து ஓட்டலாம். கல்லும் பள்ளமும் நிறைந்த பாதையில் ஃபுட்ரெஸ்டின்மீது எழுந்து நின்று ஓட்டவேண்டும். அப்போது முழங்காலும் கணுக்காலும் வில்லைப்போல் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். உடலின் எடை பாதங்களில் இறங்கவேண்டும். கைகள் வண்டியைத் திருப்புவதற்கு மட்டுமே.

இங்கேதான் ஹேண்டில் பாரின் நிலை முக்கியமாகிறது. அது ஓட்டுபவரின் உயரத்திற்குத் தாழ்ந்திருந்தால் அவர் எழுந்து நிற்கும்போது இடுப்பு வளைகிறது; எடை மணிக்கட்டில் விழுகிறது. எடையைத் தாங்கும் கை பிடியை இறுகப் பற்றுகிறது. நெடுநேரம் இறுகப் பற்றினால் முன்கைத் தசைகள் விம்மிக் கல்லாகின்றன. மோட்டோகிராஸ் வீரர்கள் இதனை 'ஆர்ம் பம்ப்' என்பார்கள். பிறகு பிரேக்கை அழுத்த விரலில் வலு ஏது? செங்குத்தான இறக்கத்தில் அந்த வலு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் உயர்த்திக்கொண்டே போகலாமா? கூடாது. பார் மிக உயர்ந்தால் உடல் பின்னுக்குச் சாயும். முன்சக்கரத்தின்மீது விழும் எடை குறையும். சரளைக்கல் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கும். மிகவும் பின்னுக்குச் சுழற்றி வைத்தால் முழங்கை விலாவோடு ஒட்டும். குறுகிய திருப்பத்தில் பிடி முழங்காலில் இடிக்கும். மிகவும் முன்னுக்குத் தள்ளினால் தோள்பட்டை இழுபடும். ஆகவே 'நல்ல நிலை' என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இல்லை. அவரவர் கையின் நீளம், காலின் நீளம் இவற்றைப் பொறுத்தே அது அமையும்.

அதனைக் கண்டுபிடிக்கும் வழியோ மிக எளிது. ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் ஃபுட்ரெஸ்டில் ஏறி, முழங்காலைச் சிறிது மடித்து நிற்கவேண்டும். கண்ணை மூடி, முழங்கையைச் சற்று வெளிப்புறமாக வைத்துக் கைகளை இயல்பாக நீட்டவேண்டும். கை எங்கே வந்து நிற்கிறதோ, பிடியும் ஏறத்தாழ அங்கே இருக்கவேண்டும். பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்தினால் பாரை முன்னும் பின்னும் சுழற்றலாம். பக்கத்திலிருந்து பார்க்கும்போது பாரின் மேல்நோக்கி எழும் பகுதி முன்ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக இருப்பது தொடங்குவதற்கு நல்ல நிலை. பிறகு சில மில்லிமீட்டர் மாற்றிவிட்டு, அதே பாதையில் ஓட்டிப் பார்த்துத்தான் மேலும் மாற்றவேண்டும். சுழற்றியும் போதாத உயரமானவர்களுக்குக் கிளாம்பின் அடியில் பொருத்தும் 'ரைசர்' உண்டு.

பாரைத் திருத்தியவுடன் வேலை முடிந்துவிடாது. கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் மீண்டும் சரி செய்யவேண்டும். எழுந்து நிற்கும்போது முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் அமைவது நலம். அடுத்து, ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி, கேபிளும் பிரேக் குழாயும் இழுபடுகின்றனவா என்று பார்க்கவேண்டும். வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டுத் திருப்பும்போது அதன் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுகுகிறது என்று பொருள். போல்ட்டுகளை, வண்டியின் கையேடு சொல்லும் வரிசையிலும் அளவிலும் முறுக்கவேண்டும். கைவலுவைக் காட்டி முறுக்கினால் மரை அறுந்துபோகும்.

சிலர், "கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பார்கள். அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் கழற்றி மாற்றக்கூடிய கிளாம்பை அங்கே வைத்திருக்கிறார்! ஹோண்டாவின் சி.ஆர்.எஃப். 450 ஆர் என்னும் பந்தய வண்டியில் கிளாம்பைப் பொருத்த இரண்டு இடங்கள் உண்டு. அதையே திருப்பிப் போட்டால் மொத்தம் 4 நிலைகள் கிடைக்கும். மாற்றிக்கொள் என்று செய்தவரே சொல்லும்போது, மாற்றாதே என்று நாம் ஏன் சொல்லவேண்டும்? வண்டியின் மூல அமைப்பை மாற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருப்பது உண்மையே. ஆனால் செய்தவர் விட்டுவைத்த இடத்திற்குள் பாரைச் சுழற்றி அமைப்பது அத்தகைய மாற்றம் ஆகாது.

வேறு சிலர், "சராசரி மனிதனை அளந்துதானே செய்திருக்கிறார்கள்?" என்பார்கள். சராசரி மனிதன் எங்கே இருக்கிறான்? 1950ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் படை 4,000க்கு மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. அந்த அளவுகளை ஆராய்ந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர், உயரம், மார்பு, கைநீளம் போன்ற 10 அளவுகளை எடுத்துக்கொண்டார். அந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! சராசரிக்கென்று செய்த இருக்கை உண்மையில் எவருக்கும் முழுதாகப் பொருந்தாது என்பதே இதன் பாடம். விமானிக்கு உள்ள இந்த நியாயம், மிளகு மூட்டையை ஏற்றிவரும் மலைக்கிராமத்துப் பையனுக்கும், வண்டி ஓட்டக் கற்கும் நம் கல்லூரி மாணவிக்கும் இல்லையா?

எங்கள் பட்டறைக்கு மலைமேலிருந்து ஒரு பெரியவர் வருவார், நல்ல உயரம். ஆயில் மாற்ற வந்த ஒருநாள், "விரலெல்லாம் மரத்துப்போகுது தம்பி. வயசாச்சுல்ல, பழகிக்க வேண்டியதுதான்" என்றார். என் மாமா அவரை வண்டிமேல் ஏறி நிற்கச் சொல்லிப் பார்த்தார். "நீங்க எதுக்குப் பழகணும் அண்ணே? வண்டியைப் பழக்குவோம்" என்று ஸ்பேனரை எடுத்தார். ஒரு விரற்கடைகூட இராது, அந்த மாற்றம். மறுமாதம் வந்த பெரியவர், விரல் மரப்பது பெரிதும் குறைந்துவிட்டதாகச் சொன்னார். அதுவரை அவர் தம் வயதையே குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

என் நெஞ்சை உறுத்துவது இதுதான். பொருந்தாத கருவியைக் கையில் கொடுத்தால், உழைக்கும் மனிதன் குறை தன்னிடம் என்றே எண்ணிக்கொள்கிறான். நம் முன்னோர் இப்படி இருக்கவில்லையே! கலப்பையின் மேழி உழுபவன் கைக்கு ஏற்றபடி அமைந்தது. என் தந்தை இன்றும் புதுப் பிடி வாங்கினால் தம் உயரத்துக்கு வெட்டிச் செதுக்கிய பிறகே மண்வெட்டியில் பூட்டுவார். எழுத்தறியாத அவருக்குத் தெரிந்த உண்மையை, அறிவியல் படிக்கும் நாம் மறக்கலாமா?

மாணவ நண்பர்களே! பொறுத்துப்போவது நற்பண்புதான். அது மனிதரிடம் காட்டவேண்டிய பண்பு. இரும்பிடம் காட்டவேண்டியது அன்று. வலிக்கிறது என்றால் முதலில் உடலைக் குறைசொல்லாதீர்கள். போல்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் பேராசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: திருப்புவிசைப் பாடம் நடத்தும் நாளில், கல்லூரி வாசலில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளருகே எங்களை அழைத்துச் செல்லுங்கள். அன்று கற்பது தேர்வோடு போகாது. எங்கள் ஊர்வரைக்கும் வரும்.