பூட்டு ஊர் அம்மாவும் செல்போனும்

"வேலை வெட்டி இல்லாதவங்க பண்ற காரியம்டி அது! எனக்கு எதுக்கு?"

திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாக்களிடம் வாட்ஸ்அப் என்றோ பேஸ்புக் என்றோ பேச்சை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் இந்தப் பதில்தான் கிடைக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகள், ஊருக்கு வரும்போது புதிய செல்போன் ஒன்றை ஆசையோடு வாங்கி வருகிறாள். இரண்டு நாள் அம்மாவுக்குச் சொல்லித் தருகிறாள். மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுகிறாள். செல்போன் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த தீபாவளிக்கு மகள் வந்து பார்த்தால், அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய காகிதம்கூட உரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது!

"போகட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். விட்டுவிடலாம்தான். ஆனால், சகோதரிகளே, ஒன்றைக் கவனித்தீர்களா? குடும்பத்தின் பேச்சு முழுவதும் இப்போது அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் குடி போய்விட்டது. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி, தங்கையின் வளைகாப்புப் படம், பேரன் முதல் அடி எடுத்து வைத்த காட்சி எல்லாம் அங்கேதான் முதலில் வருகின்றன. எல்லோரும் பார்த்து, எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, யாராவது ஞாபகமாகப் போன் செய்தால்தான் அம்மாவுக்குத் தெரிகிறது. ஒரு காலத்தில் எந்தச் செய்தியும் அம்மாவிடம்தான் முதலில் வந்தது. இன்று தன் குடும்பத்திலேயே அவள் கடைசியாகக் கேள்விப்படுகிறவளாகிவிட்டாள். வெளியே சொல்லமாட்டாள், ஆனால் மனசுக்குள் உறுத்தாமல் இருக்குமா?

ஆகவே அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதைக் கொஞ்சம் யோசிப்போம்.

கார்டும் கவரும்

முதலில், "சமூக ஊடகம்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். அதைக் கேட்டாலே ஏதோ சட்டசபை விவகாரம் போல இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

நம் நாட்டில் தபால் கார்டு வந்தது 1879-ஆம் ஆண்டு. அப்போது விலை காலணா. நம் அம்மாக்கள் கார்டும் இன்லண்டு லெட்டரும் எழுதி வளர்ந்தவர்கள். எதைக் கார்டில் எழுதலாம், எதை மூடிய கவரில்தான் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. "இங்கு யாவரும் நலம், மழை நல்ல மழை" என்பது கார்டுக்கு. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகைக் கணக்கு கவருக்கு!

அதே கணக்கைச் சொல்லுங்கள். "அம்மா, பேஸ்புக்கில் எழுதுவது கார்டு மாதிரி, போகிறவர் வருகிறவர் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் அனுப்புவது கவர் மாதிரி. குடும்பக் குழு என்பது கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசுவது மாதிரி." இந்த மூன்றும் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

"எழுத வராதே, எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருக்கிறதே" என்பது அடுத்த ஆட்சேபம். எழுத வேண்டியதே இல்லை! 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதி வந்தது. மைக் படத்தை விரலால் அழுத்திக்கொண்டு பேச வேண்டியது. விரலை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். தந்தியைப்போல் வார்த்தைக்கு வார்த்தை காசு எண்ண வேண்டாம். மகள் ஆபீசில் வேலையாக இருந்தால், ஓய்ந்த நேரத்தில் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொள்வாள். "சாப்பிட்டியாடி?" என்ற ஒரு கேள்வியை எழுத்தில் படிப்பதற்கும் அம்மா குரலில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வேலையற்றவர் வேலையா?

இனி அம்மாவின் முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். இதற்கு அமெரிக்காவிலிருந்து உதாரணம் தேட வேண்டாம். ஊரைச் சுற்றியே இருக்கிறது.

சின்னாளப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்த சுங்குடிச் சேலையை விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வெளியூரில் இருக்கும் பெண்மணி வீட்டில் இருந்தபடியே "அந்த அரக்குக் கலர் எனக்கு" என்கிறாள். அங்கே சேலையை வாங்கி, வீட்டில் வைத்து விற்கும் குடும்பப் பெண்களுக்கு இன்று கடையும் இதுதான், விளம்பரப் பலகையும் இதுதான். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் விவசாயி, மார்க்கெட்டில் இன்று பூ என்ன விலை என்பதைச் செல்போனில் தெரிந்துகொள்கிறார். திண்டுக்கல் நகரத்திலோ, குழாயில் தண்ணீர் வரும் நாள் ஒரு திருநாள். "நம்ம தெருவுக்குத் திறந்துட்டாங்க" என்று தெருக் குழுவில் ஒரு வரி வந்தால், அதைவிடப் பயனுள்ள செய்தி உண்டா?

அம்மா அப்போதும் அசையவில்லையா? புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துத் தாத்தாவைக் காட்டுங்கள். பெரியதம்பி என்ற அந்தப் பெரியவரும் அவருடைய பேரன்மாரும் 2018-ஆம் ஆண்டு, வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படம் எடுத்து யூடியூபில் போடத் தொடங்கினார்கள். "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்று பெயர். 2021 ஜூலையில் அதைத் தொடர்ந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர்கள் அவர்கள்தாம். கையோடு, கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அம்மியில் மசாலா அரைப்பதைப் பார்க்கும்போது அம்மா நிச்சயம் ஏதாவது குறை சொல்வாள். "இஞ்சி இவ்வளவு வேண்டாமே!" என்பாள். அவ்வளவுதான், தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்!

பக்தி உள்ளவர்களுக்கு வேறு வழி. பழனி மலைக்கோயில் குடமுழுக்கு 2023 ஜனவரி 27-ஆம் தேதி நடந்தபோது, மலை ஏற முடியாத எத்தனையோ முதியவர்கள் வீட்டில் அமர்ந்தபடியே கண்டு கும்பிட்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பஸ்ஸும் ரயிலும் நின்றபோது, பேரக் குழந்தையின் முகத்தைப் பல பாட்டிகள் பார்த்ததும் இந்தக் கண்ணாடியில்தான்.

பயம் நல்லதே

"எல்லாம் சரிதான். ஏமாத்திடுவாங்களாமே?"

இந்தக் கேள்வியை அம்மா கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். மகள்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதம்மா" என்று தட்டிவிடுகிறார்கள். அம்மாவின் பயம் நியாயமானது.

2018 மே மாதம் என்ன நடந்தது? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊர் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் வயதான அம்மாள் ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்குப் பிரியமாக மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாகிவிட்டது. அடித்தே கொன்றுவிட்டார்கள். ஒரு பொய்ச் செய்தி ஓர் உயிரைக் குடித்தது.

அதே ஆண்டு ஜூலையில், நமக்கு வந்த ஒன்றை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி நம் நாட்டில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. 2020-இல் இன்னும் இறுக்கினார்கள். பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரண்டு அம்புக்குறி போட்டிருக்கும். அதை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம். அம்மாவுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். "இரட்டை அம்பு இருந்தால் எழுதியவர் யாரென்றே தெரியாது, மொட்டைக் கடுதாசி மாதிரி" என்று சொல்லுங்கள். மொட்டைக் கடுதாசியை நம்பி யாராவது காரியம் செய்வார்களா?

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் நாகல்நகரில் இருக்கிறார். 68 வயது. மகனுக்கு வெளிநாட்டில் வேலை. ஒருநாள் மத்தியானம் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி. "அம்மா, என் போன் உடைந்துவிட்டது. இதுதான் புது நம்பர். ஆஸ்பத்திரியில் அவசரமாக 40,000 ரூபாய் கட்ட வேண்டும்." பக்கத்தில் மகனுடைய படமே இருந்தது! வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு படபடத்துப் பாங்குக்கு ஓடியிருப்பார்கள். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? மைக்கை அழுத்திக்கொண்டு, "தம்பி, நம்ம வீட்டுக் கொல்லையில சாஞ்சு போச்சே ஒரு மரம், அது என்ன மரம்னு சொல்லு. உடனே அனுப்புறேன்" என்று கேட்டார்.

பதிலே வரவில்லை.

பிறகு மகனுடைய பழைய எண்ணுக்கே போன் செய்தார். மகன் சௌக்கியமாக வேலையில் இருந்தான். "முருங்கை மரம்மா, ஏன் கேக்குறே?" என்றானாம்.

படிப்பு அதிகம் இல்லாத அந்த அம்மாளைக் காப்பாற்றியது எது? அவருடைய சந்தேகம்தான். கூடவே, குரல் அனுப்பத் தெரிந்திருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் பணம் போயிருக்கும், அல்லது மனசு அல்லாடியிருக்கும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையாலேயே செய்யும் நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கதவே வேண்டாம், சுவர் எழுப்பிவிடுவோம் என்று யாரும் பூட்டு வாங்குவதில்லை. கதவைத் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும் என்பதற்குத்தான் பூட்டு. அம்மாவின் சந்தேகம் அப்படிப்பட்ட பூட்டு. அதைக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள். எந்தக் கதவில் மாட்டுவது என்று மட்டும் காட்டிக்கொடுங்கள்.

மாட்ட வேண்டிய இடங்கள் சில உண்டு. செல்போனில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்பவர் யாராயினும் சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் அம்மாவின் வாட்ஸ்அப் அப்படியே வேறொருவன் கைக்குப் போய்விடும். போலீஸ் உடையில் ஒருவன் வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. தப்பித் தவறிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கண்டவர்கள் கண்ட குழுவில் சேர்க்காதபடியும், தெரியாதவர்கள் அம்மாவின் படத்தைப் பார்க்காதபடியும் செட்டிங்ஸில் நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

சொல்லித் தரும் விதம்

உங்கள் பழைய, விரிசல் விட்ட செல்போனை அம்மாவுக்குத் தள்ளிவிடாதீர்கள். அது அவளுடையதாக இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள். முதல் நாள் குரல் அனுப்புவது. அது கைவந்த பிறகு படம் பார்ப்பது. அதற்கும் பிறகு வீடியோவில் பேசுவது. ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எழுதி வையுங்கள்.

முக்கியமாக, செல்போன் அவள் கையில் இருக்கட்டும். "கொடும்மா, நான் செய்றேன்" என்று பிடுங்காதீர்கள். நீங்கள் முதன்முதலில் தோசை வார்த்தபோது அது இலங்கைப் படம் போலப் பிய்ந்து வந்ததே, அப்போது அம்மா கரண்டியைப் பிடுங்கினாளா? நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்?

அம்மா அனுப்பும் முதல் குரல் செய்தியில் பாதி, "இது போகுதா போகலையா, ஒண்ணும் தெரியலையே" என்றுதான் இருக்கும். பின்னால் குக்கர் விசில் கேட்கும். இருந்தாலும் உடனே பதில் அனுப்புங்கள். வேலை இருந்தால், "வந்து சேர்ந்ததும்மா" என்று ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள். செல்போனை வாங்கிக் கொடுத்துவிட்டு, அம்மா பேசும்போது பதில் சொல்லாமல் இருந்தால் அது மறுபடி குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில்தான் போய் உட்காரும். அப்போது குற்றம் செல்போனுடையதும் அல்ல, அம்மாவுடையதும் அல்ல.