காதுக்குள் ஓர் இரைச்சல்



இஷாத் தொழுது, பிள்ளைகளை உறங்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டுத் தலை சாய்க்கிறீர்கள். வீடே அடங்கிவிட்டது. அப்போதுதான் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் எழும்புகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மகளைக் கேட்டால், "எனக்கு ஒண்டும் கேக்கல்லையே உம்மா" என்கிறாள். மறுநாள் அதை யாரிடமும் சொல்லத் தோன்றுவதில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ?

புத்தூரில் நான் சந்தித்த ஓர் அக்கா இதை இருபது வருடங்களுக்கு மேல் மறைத்தே வைத்திருந்தார். நிலாவரைக் கிணற்றுப் பக்கம் வீடு, சுற்றிவரத் தோட்டம். 1995 ஒக்டோபரில் இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை வலிகாமத்துக்குள் முன்னேறிய நாட்களில், அவர்கள் பதுங்கியிருந்த பங்கருக்குக் கிட்ட ஷெல் விழுந்தது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இடக் காது இரைந்துகொண்டே வந்ததாம். (1990 ஒக்டோபரில் அதே குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு அந்த நடையை விளக்க வேண்டியதில்லை.) "உயிர் தப்பினதே பெரிசு, காதைப் பற்றி ஆர் கதைக்கிறது?" என்றார். இன்று குசினியில் ஒரு கரண்டி விழுந்தாலும் அவருக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. அதனால் எந்நேரமும் காதில் பஞ்சு.

இது பேயுமல்ல, ஜின்னுமல்ல, புத்தி பேதலித்ததுமல்ல. நமது உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. ஷெல்லடி போன்ற பேரொலியாலும், முதுமையாலும் அவை அழியும். மனிதருக்கு அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது, மூளை தன் பங்குக்குச் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறது. தூரத்து நிலையம் சரியாக எடுக்காத வானொலியின் திருகியைத் திருப்பினால் என்ன நடக்கும்? பாட்டைவிட இரைச்சல்தான் கூடும். கரண்டிச் சத்தம் இடியாகக் கேட்பதையும் பெரும்பாலும் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். செவியில் குறை தெரியாத 80 பேரை, சத்தம் புகாத அறையில் சில நிமிடங்கள் இருத்தினார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்! ஆக, முழு அமைதியில் நல்ல காதும் இரையும். பழுதுபட்ட காதைக் கேட்க வேண்டுமா?

இங்கேதான் அந்தப் பஞ்சு வருகிறது. 2003இல் ஃபோர்ம்பி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை இரண்டு வாரம் காதடைப்பான் அணிய வைத்தார்கள். அதே ஆட்களைப் பிறிதொரு சமயம் மெல்லிய இரைச்சல் தரும் கருவியை அணிய வைத்தார்கள். காதை அடைத்திருந்த பிறகு சாதாரண ஒலியும் கூடுதலாக உறைத்தது. மெல்லிய ஒலி கேட்டிருந்த பிறகோ சத்தத்தைத் தாங்கும் சக்தி கூடியது. காதைப் பாதுகாப்பதாக நினைத்து அந்த அக்கா செய்தது, காதை இன்னும் கூச வைத்தது. அரைக்கும் ஆலையிலும் வெடிச் சத்தத்திலும் காதை மூடுங்கள், அது கட்டாயம். வீட்டுக்குள் வேண்டாம்.

அக்காவே அறியாமல் ஒரு விஷயம் சொன்னார். விடியப்புறம் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் தொடங்கினால்தான் தனக்கு நல்ல நித்திரையாம்! மின்விசிறியோ, குறைத்து வைத்த வானொலியோ, கிராஅத் ஒலிநாடாவோ அந்த வேலையைச் செய்யும். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு உரத்து வைக்காதீர்கள். கூடவே ஒரு சத்தம் இருந்தால் போதும்.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. விளம்பரம் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். அதைக் கண்டு மனம் பதறாமல் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்கே ஆய்வுகளில் நல்ல சான்று உண்டு. கேள்வியும் குறைந்திருந்தால் கேட்கும் கருவி பலருக்கு உதவுகிறது. வெட்கமா? முக்காட்டுக்குள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது!

சில வேளை வெறும் காதுக்குறும்பிதான் காரணமாக இருக்கும். அதற்காகக் காய்ச்சிய எண்ணெயும் ஹெயார்பின்னும் வேண்டாம். ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால், தலைசுற்றினால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற் போனால் அன்றைக்கே போங்கள். நாள் தள்ளினால் மருந்து பலிப்பது குறையும்.

அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய படையினர் உதவிப்பணம் பெறும் குறைபாடுகளில் முதலிடம் இந்தக் காது இரைச்சலுக்குத்தான். ஷெல் சத்தம் சீருடை போட்டவரையும் பங்கருக்குள் பிள்ளையை அணைத்தபடி இருந்தவளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த அக்காவுக்கு ஒரு காதில் மட்டும்தான் இரைச்சல். முப்பது வருடமாகியும் பரிசோதிக்கவில்லை. அடுத்த கிழமை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். வலக் காதுப் பஞ்சை என் முன்னாலேயே எடுத்தார். இடக் காதுப் பஞ்சுக்கு இன்னும் மனம் வரவில்லை.