புது டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

புதுசாக ஸ்மார்ட் டிவி வாங்கி, பிடித்த படத்தைப் போட்டால் ஏதோ இடிக்கும். காட்சி பளிச்சென்று இருக்கும். ஆனால் சினிமா பார்க்கிற உணர்வே வராது. டிவியில் கோளாறு இல்லை. திரையில் எது அசைகிறது என்று டிவி போடும் கணக்குதான் காரணம்.

இது புது விஷயமா?

இல்லை. கலர் டிவி வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, வெளிச்சத் தகவலுக்குள்ளேயே நிறத் தகவலையும் செருகி அனுப்பினார்கள். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோதும் இதே முறைதான். இரண்டையும் சரியாகப் பிரிக்க முடியாத பெட்டியில், செய்தி வாசிப்பவரின் கோடு போட்ட சட்டையில் வானவில் நிறங்கள் ஓடும்.

எப்படிச் சரிசெய்தார்கள்?

அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுத்தான். அசையாத இடம் என்றால், பல ஃபிரேம்களைச் சேர்த்துப் பார்த்து நிறத்தைத் துல்லியமாகப் பிரிக்கலாம். ஓடும் பந்துக்கு அதையே செய்தால் பின்னால் நிழல் இழுக்கும். அங்கே ஒரே ஃபிரேமில் உள்ள பக்கத்துக் கோடுகளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எது அசைகிறது, எது அசையவில்லை என்று பார்க்கும் சர்க்யூட் டிவிக்குள் இதற்குத் தேவைப்பட்டது.

இப்போது என்ன சிக்கல்?

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். டிவி திரையோ நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப, அசைவைக் கணித்து, கேமரா எடுக்காத ஃபிரேம்களை டிவியே உருவாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு இது கைகொடுக்கலாம். சினிமாவோ வீடியோவில் எடுத்த சீரியல் போல வழுவழுவென்று ஆகிவிடுகிறது. கணக்கு தப்பினால், வேகமாக அசையும் கை, கால்களின் ஓரம் கலங்கும்.

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த வசதியை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார்கள். 2019-ல் யுஹெச்டி அலையன்ஸ் அமைப்பு, இதைத் தானாக அணைக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்'-ஐ அறிவித்தது.

என்ன செய்யலாம்?

பல டிவிகளில் இது வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். பிக்சர் செட்டிங்ஸுக்குப் போய்ப் பாருங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர் மாறும். மேட்ச் பார்க்கும்போது வேண்டுமானால் இருக்கட்டும். படம் பார்க்கும்போது ஆஃப் பண்ணிடலாம். ஒளிப்பதிவாளர் எடுத்த காட்சியை அப்படியே பார்க்க அது போதும்.