விடுமுறை அறிவிப்பு விடிவதற்குள் வரட்டும்

ஆசிரியருக்கு,

மழை விடுமுறையை முதல்நாள் இரவே அறிவிக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் நூற்றுக்கு நூறு சரி. சென்ற ஐப்பசியில் எங்கள் மாவட்டத்தில் காலை 7.30 மணிக்குத்தான் அறிவிப்பு வந்தது. அதற்குள் பேத்தி வேன் ஏறிவிட்டாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே, முழங்கால் தண்ணீரில் நின்ற பிள்ளைகளை வேன்காரர்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வாட்ஸ்அப்பில் மட்டும் பழைய ஆண்டின் அறிவிப்பு முந்தின இரவே சுற்றியது!

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது புதுச் செய்தியல்ல. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். மழையால் இழக்கும் பள்ளி நாட்களை ஈடுசெய்யும் சனிக்கிழமைகளை ஜூன் மாத நாட்காட்டியிலேயே குறித்துவிடலாமே. இரவு 9 மணிக்குள் ஆட்சியர் முடிவைச் சொல்லட்டும். விடுமுறை இல்லையென்றால் அதையும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி